மைக்கூட்டை மூடிய மாத்திரை: சென்னையிலிருந்து யாங்கோன் வரை

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெவ்வேறு நேர மண்டலங்களிலிருந்து இணைந்திருக்கிறீர்கள். யாங்கோனில் இப்போது இரவு. மின்சாரம் இருக்கும்வரை பேசிவிடுகிறேன்.

இலக்கியக் கூட்டத்தில் உயிர்வேதியியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பர்மாத் தமிழர் வரலாறு என்றாலே நெல், வட்டி, கப்பல், 1942ன் நடைப்பயணம் என்று நான்கு விஷயங்களைப் பேசுகிறோம். ஐந்தாவதாக ஒன்றை இன்று சொல்ல நினைக்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்கான ஒரு மாத்திரையின் கதை அது. அதன் அறிவியல் பல நாடுகளில் உருவானது. அது யாருக்குக் கிடைக்கும் என்ற வழக்கின் முக்கியமான கட்டங்கள் சென்னையில் நடந்தன. அந்த வழக்கின் விளைவு கடல் கடந்து யாங்கோன் மருந்துக் கடைகள் வரை வந்தது.

முதலில் உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அதற்கு ரங்கூனின் மொகல் தெருவுக்குப் போகவேண்டும். இன்று அதன் பெயர் ஷ்வேபொந்தா தெரு. செட்டியார் கடைகள் வரிசையாக இருந்த இடம். முதலாளி காரைக்குடிப் பக்கம் ஊரில் இருப்பார். கடையில் மேலாள் இருப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளி நேரில் வருவதில்லை. கடிதம் வரும். மேலாள் கையெழுத்துப் போட்டு அடுத்தாளிடம் தருவார். அடுத்தாள் தன் கையெழுத்தைப் போட்டு மேற்கொண்டு அனுப்புவார். கடைசியில் ஐராவதி டெல்டாவில் ஒரு விவசாயியின் கையில் பணம் போய்ச் சேரும். முதலாளி ஊரைவிட்டு அசையவே இல்லை, ஆனால் டெல்டாவில் நாற்று நடப்பட்டுவிட்டது.

உயிரணுவும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. 'வளர், பிரி' என்ற செய்தியை வெளியிலிருந்து கொண்டுவரும் புரதத்துக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். பொதுவாக அது உள்ளே நுழைந்து வேலை செய்வதில்லை. வாசலில் நிற்கும் ஏற்பி என்ற புரதத்தைத் தொடுகிறது, அவ்வளவுதான். ஏற்பி உள்பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடுகிறது. அதைப் பார்த்து அடுத்த புரதம் விழித்துக்கொள்கிறது, அது இன்னொன்றை எழுப்புகிறது. செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவைச் சேரும்போது உயிரணு இரண்டாகப் பிரியத் தயாராகிறது.

அந்தக் கையெழுத்து என்பது ஒரு பாஸ்பேட். ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட சிறு துண்டு. அதை ஒரு புரதத்தின்மீது ஒட்டவைக்கும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். ஒட்டியதைக் கழற்றும் நொதி பாஸ்பட்டேஸ். ஒன்று கையெழுத்துப் போடுகிறது, மற்றது அழிக்கிறது. இரண்டும் சரியாக நடந்தால்தான் உடல் உடலாக இருக்கும். காயம் பட்ட இடத்தில் தோல் வளரவேண்டும், மூடியபின் நிற்கவும் வேண்டும். நிற்பதற்கும் நொதிதான் வேண்டும்.

கையெழுத்துக்கு மை? அதுதான் ஏ.டி.பி., அடினோசின் ட்ரைபாஸ்பேட். மூன்று பாஸ்பேட்களைச் சுமந்து திரியும் மூலக்கூறு. கைனேஸ் அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தில் ஒட்டுகிறது. இந்த மையைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

அவர் பெயர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895ல் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னையில் மருத்துவம் படித்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அது அவருடைய ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டத்துக்குப் பதிலாக அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் அவருக்குக் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கிளம்பினார். அங்கே ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925ல் ஒரு முறையை வெளியிட்டார். ரத்தத்திலும் திசுவிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறை. ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகம் முழுவதும் ஆய்வகங்களில் அது பரவியது. அளக்கக் கையில் கோல் வந்ததும் கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. 1927ல் தசையில் பாஸ்போகிரியேட்டின், 1929ல் ஏ.டி.பி. அதே 1929ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்.

சுப்பாராவ் பின்னாளில் லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுத் தலைவரானார். அவருடைய குழு தயாரித்த அமினோப்டெரின் மருந்தைத்தான் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948ல் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். தாம் கண்டறிந்த ஏ.டி.பி. இன்னொரு ரத்தப் புற்றுநோய் மருந்தின் கதைக்கு மையமாகப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பாஸ்பேட்டை ஒட்டினால் ஒரு நொதியின் வேலையே மாறும் என்பதை எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் 1950களின் நடுவில் சியாட்டிலில் கண்டார்கள். தசை நொதியான பாஸ்பாரிலேஸில் பாஸ்பேட் ஒட்டியதும் அது விழித்தது, கழற்றியதும் உறங்கியது. இதற்கு நோபல் பரிசு வர 1992 ஆயிற்று. மறுபக்கம் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார். இரண்டு வாரம் போலச் சென்று கண் திறக்கவேண்டிய குஞ்சுகள் ஏறக்குறைய பாதி நாளிலேயே கண் திறந்தன. 1962ல் அவர் இதை வெளியிட்டார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அந்தக் காரணி வந்து தொட்டதும் பாஸ்பேட் ஒட்டும் வேலை தூண்டப்படுகிறது என்பதை 1970களின் இறுதியில் அவர் காட்டினார். வாசலில் நிற்கும் ஏற்பியே கைனேஸ் என்பது பிறகு தெளிவாயிற்று. கதவைத் தட்டும் ஓசையைக் கேட்பவரும் கையெழுத்துப் போடுபவரும் ஒருவரே.

பாஸ்பேட் எங்கே ஒட்டுகிறது என்பதில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. செரின், த்ரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில்தான் ஒட்டும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1979ல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர் ஒரு புற்றுநோய் வைரஸின் புரதத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கரைசல் தயாரிக்காமல் பழையதையே பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை சற்றே மாறியிருந்தது. 1.9 இருக்கவேண்டிய பி.எச். அளவு 1.7க்கு இறங்கியிருந்தது. அதனால் வழக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறைந்துபோகும் இரண்டு புள்ளிகள் தனித்தனியே தெரிந்தன. புதிய புள்ளி டைரோசின் என்ற மூன்றாவது அமினோ அமிலம். உயிரணுவிலுள்ள மொத்தப் பாஸ்பேட் கையெழுத்துகளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத இந்த டைரோசின் கையெழுத்துதான் வளர்ச்சிச் செய்திகளின் வாசல் என்று பின்னர் புரிந்தது. அதை அழிக்கும் நொதியை, டைரோசின் பாஸ்பட்டேஸை, ஃபிஷருடன் பணியாற்றிய நிக்கோலஸ் டாங்ஸ் மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்தது 1988ல்.

இனி நோய்க்கு வருவோம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். 1960ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973ல் ஜேனட் ரௌலி அதற்குக் காரணம் சொன்னார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் முனைகளை மாற்றிக்கொண்டிருந்தன. அதனால் ஒன்றிலிருந்த ஏபிஎல் என்ற கைனேஸ் மரபணு மற்றதிலிருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொண்டது என்பது 1980களில் தெரியவந்தது.

நம் மொகல் தெரு மொழியில் சொன்னால், இரண்டு கடைகளின் கணக்குப் புத்தகங்கள் மாறி ஒன்றாகத் தைக்கப்பட்டுவிட்டன. அதன்பின் மேலாளுக்கு முதலாளியின் கடிதமே வேண்டியதில்லை. இரவும் பகலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார். அழிக்கும் ஆட்களால் அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. முதல் சில ஆண்டுகள் நோயாளி நடமாடுவார், வேலைக்குக்கூடப் போவார். பிறகு ஒருநாள் நோய் சீறி எழும். அதன்பின் பெரும்பாலும் மாதக்கணக்குதான்.

இப்படிக் கட்டுமீறிய ஒரு மேலாளை எப்படி நிறுத்துவது? மைக்கூட்டை எடுத்துவிடவேண்டும். ஆனால் எல்லாக் கைனேஸ்களுக்கும் மை ஒன்றுதான், ஏ.டி.பி. மனித உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. எல்லோருடைய மையையும் பறித்தால் ஆள் பிழைக்கமாட்டார். ஆகவே இந்த ஒரு மேலாளின் மேசையில் மைக்கூடு வைக்கும் குழியில் மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு கல் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனின் குழுவில் யூர்க் சிம்மர்மன் அப்படிப்பட்ட மூலக்கூறை உருவாக்கினார். அமெரிக்காவின் ஓரிகனில் மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் அது இந்த நோயின் உயிரணுக்களைக் கொல்வதைக் காட்டி, மனிதர்களிடம் சோதிக்கவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1998 ஜூனில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். நாளுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தின் பெயர் இமாட்டினிப். விற்பனைப் பெயர் கிளிவெக். அதற்குள் சிபா-கைகி சாண்டோஸுடன் இணைந்து நோவார்டிஸ் ஆகியிருந்தது.

இது நோயை வேரோடு பிடுங்கும் மருந்து என்று சொல்லமுடியாது. கல் குழியில் இருக்கும்வரைதான் மேலாள் சும்மா இருப்பார். ஆகவே பெரும்பாலோர் தினமும் விழுங்கவேண்டும், பல ஆண்டுகள், சிலர் ஆயுள் முழுவதும். தவறாமல் விழுங்கினால் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழலாம். தினமும் என்ற அந்தச் சொல்லில்தான் விலை என்ற கேள்வி வந்து உட்காருகிறது.

இந்தியாவில் அப்போது நோவார்டிஸின் விலை மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாயாக இருந்தது. ஐதராபாத்தின் நாட்கோ முதலிய இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் செய்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் விற்றன. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்து என்ற பொருளுக்கே காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும் தந்தது. அதனால்தான் இது முடிந்தது. ஆனால் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005க்குள் சட்டத்தை மாற்றவேண்டிய கடமை இந்தியாவுக்கு வந்தது.

1998ல் நோவார்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டது. எண் 1602/எம்ஏஎஸ்/1998. எம்ஏஎஸ் என்பது மெட்ராஸ். மூல மூலக்கூறுக்கு மற்ற நாடுகளில் 1990களின் முற்பகுதியிலேயே விண்ணப்பித்தாகிவிட்டது. சென்னையில் கேட்டது அதன் மெசிலேட் உப்பின் பீட்டா என்ற படிக வடிவத்துக்கு. 2003 நவம்பரில் இடைக்காலமாகத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல இந்திய நிறுவனங்களுக்கு எதிராகத் தடையும் பெற்றது. மலிவு மாத்திரையை நம்பியிருந்தவர்களுக்கு அது இருண்ட காலம்.

2005ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது 3(டி) என்ற பிரிவைச் சேர்த்தது. அதன் சாரம் எளிது. தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால், அதன் பலன் முன்பைவிடக் கணிசமாகக் கூடியிருப்பதை நிரூபிக்கவேண்டும். பழைய வேட்டிக்குப் புதுக் கரை போட்டு வந்தால் போதாது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் நான்கு மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு போட்டன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. உடல் உறிஞ்சும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்று எலிகளில் காட்டியிருந்தார்கள். அது போதவில்லை.

நோவார்டிஸ் 3(டி) பிரிவே அரசமைப்புக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வழக்கைக் கைவிடும்படி கையெழுத்திட்டார்கள். நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று மனுவைத் தள்ளியது. குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எட்டவேண்டும் என்பது இச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பிரபா ஸ்ரீதேவனை இந்தக் கூட்டத்தில் பலர் வேறு வழியில் அறிவீர்கள். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர்தான். 2009ல் சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமையை மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மருந்தைப் பொறுத்தவரை பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் பலன்தான், படிகத் தூள் நன்றாக வழிந்தோடுகிறது என்பதும் ஈரத்தைத் தாங்குகிறது என்பதும் பலனாகாது என்றது.

நோவார்டிஸ் தரப்பையும் சொல்லவேண்டும். இந்தியாவில் தன் மருந்தைப் பெறுபவர்களில் பெரும்பாலோருக்கு இலவசமாகவே தருகிறோம் என்றது. அதன் சர்வதேச உதவித் திட்டம் 80க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்ததும் அதனால் பலர் உயிர் பிழைத்ததும் உண்மை. காப்புரிமை இல்லாவிட்டால் அடுத்த மருந்தை யார் தேடுவார்கள் என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தானம் கொடுப்பவர் கை எப்போது வேண்டுமானாலும் மூடலாம். விலை குறைந்தால் நோயாளி யாரிடமும் ஏழை என்று நிரூபிக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் 2001ல் ஆண்டுக்கு 30,000 டாலர் போல இருந்த இதே மருந்து 2012ல் 92,000 டாலரைத் தொட்டது. இந்த நோயின் மருத்துவ நிபுணர்கள் 100க்கும் மேற்பட்டோர் 2013ல் ஒரு மருத்துவ இதழில் கூட்டாக எதிர்ப்பு எழுதினார்கள். 2015ல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இதில் யாங்கோன் எங்கே வருகிறது? மியான்மரில் அப்போது நடைமுறையில் காப்புரிமைச் சட்டமே இல்லை. 2019ல் சட்டம் இயற்றப்பட்டு 2024 மே 31 அன்றுதான் அமலுக்கு வந்தது. மிகப் பின்தங்கிய நாடுகள் மருந்துக்குக் காப்புரிமை தரவேண்டியதில்லை என்ற விலக்கு 2033 ஜனவரி 1 வரை உண்டு. அப்படியானால் இங்கே யாரும் மருந்தைத் தடுக்கமுடியாது. உண்மைதான். ஆனால் செய்வதற்கும் இங்கே தொழிற்சாலை வேண்டுமே! இங்குள்ள மருந்துக் கடைகளின் அலமாரிகளில் பெரும்பங்கு இந்தியச் சரக்கு. கதவு திறந்திருந்து என்ன பயன், வண்டி புறப்படும் ஊரில் பூட்டு போட்டால்? யாங்கோன் பொது மருத்துவமனையின் செங்கல் கட்டடத்துக்கு வெளியே மாத்திரைச் சீட்டோடு நிற்கும் ஒருவருக்கு இந்த நாட்டுச் சட்டத்தைவிட மெட்ராஸ் விண்ணப்பத்தின் முடிவு முக்கியமானது. நெல்லும் ஆட்களும் போய்வந்த அதே வங்கக்கடல் வழியில், ஒரு சென்னை அலுவலகத்தின் 'முடியாது' என்ற சொல்லும் பயணம் செய்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல இயலாது. 2021 பிப்ரவரி 1 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு. இரண்டே நாளில், பிப்ரவரி 3 அன்று, அரசு மருத்துவர்கள் பணியிலிருந்து வெளியேறத் தொடங்கினார்கள். அரசு மருத்துவமனைகள் தடுமாறின. க்யாட் நாணயத்தின் மதிப்பு சரிந்ததும் இறக்குமதி மருந்தின் விலை ஏறியது. தினமும் விழுங்கவேண்டிய மருந்துக்கு ஒரு மாத இடைவெளிகூட ஆபத்து. கல் குழியைவிட்டு எழுந்தால் மேலாள் மறுபடி பேனாவை எடுப்பார். சில நேரம் அதற்குள் குழியின் வடிவமே மாறி, பழைய கல் பொருந்தாமல் போய்விடும். அப்போது வேறு கல் தேடவேண்டும். அந்த அடுத்த தலைமுறை மருந்துகளின் விலை வேறு கதை.

3(டி) பிரிவின்மீதான அழுத்தமும் ஓயவில்லை. வர்த்தக ஒப்பந்தங்கள் பேசப்படும்போதெல்லாம் மருந்துச் சோதனைத் தரவுகளுக்குத் தனியுரிமை போன்ற கோரிக்கைகள் மேசைக்கு வருகின்றன. சுவிட்சர்லாந்து அங்கம் வகிக்கும் நான்கு நாடுகளின் கூட்டமைப்புடன் இந்தியா 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தபோதும் அந்தக் கோரிக்கை வந்தது, இந்தியா அதை ஏற்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்திலும் வரும்.

உங்களில் பலர் அத்தகைய ஒப்பந்தங்களைப் பேசும் நாடுகளில் வாக்களிப்பவர்கள். சூரிக்கில், லண்டனில், டொரான்டோவில் இருக்கிறீர்கள். செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் 'தரவுத் தனியுரிமை' என்ற சொல் கண்ணில் பட்டால், தயவுசெய்து தாண்டிப்போகாதீர்கள். அங்கே கையெழுத்தாகும் ஒரு வரி இங்கே ஒருவருடைய மாதாந்திர மாத்திரை அட்டையில் வந்து முடியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், இங்கே இன்னும் மின்சாரம் இருக்கிறது.